முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கடற்கரை ஊர்

மணிமங்கலம்
8.7.1991

திருமதி ஜாஸ்மின் யாக்கோபு அவர்களுக்கு,

வணக்கம். இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் சுவிட்ச் கம்பெனியில் பெண்களைச் சுற்றுலா அனுப்பப் போவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் பதினைந்து முதல் மூன்று நாள், ஏதாவது ஒரு கடற்கரை ஊர். முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். இன்று காலை பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "ஸ்ட்ரைக்ல இருந்தவங்க சார்பா நீ, வேலைக்கு வந்தவங்க சார்பா ஜாஸ்மின். ரெண்டு பேரும் பேசி ஊரை முடிவு பண்ணி ஒரே ஃபார்ம்ல கையெழுத்துப் போடுங்க. ஆகஸ்ட் பத்துக்குள்ள வரலன்னா பஸ் கெடையாது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நாம் சேர மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

உங்களோடு பேசுவதில்லை என்று போன வருடம் எடுத்த முடிவை நான் மாற்றப் போவதில்லை. எனக்குக் காலை ஷிப்ட், உங்களுக்கு மதிய ஷிப்ட். எழுதி கேன்டீன் ராஜம்மா அக்காவிடம் கொடுத்தால் என்னிடம் வந்து சேரும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
த. கங்கா
பேக்கிங் செக்‌ஷன்


படப்பை
10.7.91

அன்புள்ள கங்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இப்படி எழுதினால் நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரியும். ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கியவளை "அவர்களுக்கு" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஊர்ப் பெயர் கேட்டாய். வேளாங்கண்ணி. அறை வாடகை குறைவு. பெண்கள் மட்டும் தங்கினாலும் பயமில்லை. கோவிலைத் தாண்டினால் கடல்.

உன் அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? யாக்கோபு இரண்டு முறை கேட்டார்.

அன்புடன்,
ஜாஸ்மின்


மணிமங்கலம்
13.7.1991

திருமதி ஜாஸ்மின் யாக்கோபு அவர்களுக்கு,

என் அப்பாவின் இருமலைப் பற்றி ஃபார்மில் எந்தக் கேள்வியும் இல்லை.

மாதா மேல் எனக்குக் குறையொன்றும் கிடையாது. எனக்கு முதல் மொட்டை போட்டதே வேளாங்கண்ணியில்தான். ஆனால் ஆகஸ்ட் இருபத்தொன்பதில் அங்கே கொடியேற்றம். பதினைந்து நாள் முன்பிருந்தே நடந்து போகிறவர்கள் கூட்டம் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போனால் அதற்குப் பெயர் வேண்டுதல், சுற்றுலா இல்லை. வேண்டிக்கொள்ள உங்களுக்கு நிறைய இருக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை.

மகாபலிபுரம் போகலாம். இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

த. கங்கா


படப்பை
17.7.91

அன்புள்ள கங்காவுக்கு,

மகாபலிபுரத்தின் குறையே அந்த இரண்டு மணி நேரம்தான். எங்கள் லைனில் கிளியம்மாளிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாமே நீ, மாபலிபுரம்னா எங்கூட்டு ஆளு சாயந்திரமே சைக்கிள் மிதிச்சிகினு வந்துடும். கொழந்த அழுவுது, வூட்டுக்கு வான்னு நிக்கும். மூணு நாளு எவனுக்கும் சோறாக்காம அலையில கால வெச்சிகினு குந்தினு இருக்கணும். எட்டாத ஊரா பாரு" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

பாண்டிச்சேரியையும் யோசித்தேன். கரை முழுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், கடலைப் பார்க்கலாம், கால் நனைக்க முடியாது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதி அப்பாக்கள் விட மாட்டார்கள் என்பது வேறு.

அதனால் நாகப்பட்டினம். அங்கே பெட்டியை வைத்துவிட்டால் ஒரு நாள் நாகூர், ஒரு நாள் தரங்கம்பாடி, ஆசைப்பட்டவர்கள் ஒரு காலை நேரம் வேளாங்கண்ணி. தினமும் வேறு கடற்கரை, படுக்கை மட்டும் ஒரே இடத்தில். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ஏழு அறை தருவதாக யாக்கோபின் தம்பி விசாரித்துச் சொல்லியிருக்கிறார். உன் ஆட்களுக்கும் என் ஆட்களுக்கும் தனித்தனி மாடி வேண்டுமென்றாலும் கேட்கலாம். அப்படித்தானே இன்னும் எண்ணுகிறாய், உன் ஆள், என் ஆள் என்று?

ஜாஸ்மின்


மணிமங்கலம்
20.7.1991

நாகப்பட்டினம் முடியாது. காரணம் கேட்க வேண்டாம். கோவளம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

த. கங்கா


படப்பை
24.7.91

கங்கா,

இந்த முறை அன்பையும் நலத்தையும் விட்டுவிட்டேன், உனக்குத் திருப்திதானே.

இரண்டு ஷிப்டிலும் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஸ்ட்ரைக்கில் இருந்தவர்களையும் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது பதில் சொன்னார்கள். முப்பத்தேழு பேருக்கு நாகப்பட்டினம் சம்மதம். நீ ஒருத்திதான் முடியாது என்கிறாய். நான் சொன்ன ஊர் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன குறை?

நான் பொறுத்துக்கொண்டே வருகிறேன். ஸ்ட்ரைக் நடந்தபோது வேலைக்குப் போனேன், உண்மைதான். யாக்கோபுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி அவர் படுக்கையில் கிடந்தார். அது உனக்கும் தெரியும். அப்படியும் என் வீட்டுக் கதவில் தாரால் "கருங்காலி" என்று எழுதினார்கள். எழுந்து நிற்கவே முடியாத மனுஷன், நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். இன்னும் அந்த எழுத்து தெரிகிறது. உன் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டேனா?

காரணத்தை எழுது. இல்லாவிட்டால் கங்காவின் வீம்பால்தான் பஸ் நின்றது என்று இரண்டு ஷிப்டிலும் நானே சொல்வேன்.

ஜாஸ்மின்


மணிமங்கலம்
27.7.1991

ஜாஸ்மின்,

காரணம் வேண்டுமா? நன்றாக உட்கார்ந்து படி.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்த பிறகு நாகப்பட்டினம் கரை முழுக்கப் போலீஸ். லாட்ஜ் லாட்ஜாகப் போய் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து விலாசத்தைக் கண்டாலே வரிசையில் நிறுத்தி விசாரிப்பார்கள். முப்பத்தேழு பேர் பேரைச் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போவீர்கள். என்னை "கேஸ் ஏதாவது இருக்குதாம்மா?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? இருக்கிறது ஐயா, கல்லெறிந்த கேஸ், மாதா மாதம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறேன் என்றா?

அந்தக் கல்லை நான் எறியவில்லை. உங்களை ஏற்றி வந்த ஸ்டாஃப் வேன் கேட்டைத் தாண்டியபோது நான் ஸ்ட்ரைக் பந்தலுக்குள் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கம்பெனி என்னை எட்டு மாதம் வெளியே நிறுத்தியது. செங்கல் சூளையில் மண் சுமந்தேன். தட்டு மாற்றிய பிறகு குன்றத்தூர் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வாசலில் நின்று, தெருவே கேட்க, "கேஸு கீற பொண்ணு எங்களுக்கு வாணாம்பா" என்றாள். அப்பா அன்றைக்குப் படுத்தவர்தான். அந்த இருமலைத்தான் நீ நலம் விசாரிக்கிறாய்.

சாட்சிப் பட்டியலை வக்கீல் ஜனவரியிலேயே எனக்குக் காட்டிவிட்டார். டிரைவருக்கு யார் எறிந்தது என்று தெரியாதாம். "கங்கா எறிந்ததைப் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்தது ஒரே ஒருத்தி. அவள் பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தானே இத்தனை நாள் அன்புள்ள, அன்புள்ள என்று எழுதினாய்?

அதே கையால் எனக்கு ஊர் பொறுக்குகிறாய். இப்போது போய் இரண்டு ஷிப்டிலும் சொல்.

கங்கா


படப்பை
30.7.91

கங்காவுக்கு,

ராஜம்மா அக்கா உன் கடிதத்தைக் கொடுத்தபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது. பாத்ரூமில் வைத்துப் படித்தேன். சூப்பர்வைசர் கதவைத் தட்டும் வரைக்கும் வெளியே வரவில்லை.

நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நான் பார்க்கவில்லை. வேன் ஜன்னலுக்கெல்லாம் படுதா கட்டியிருந்தார்கள், யார் எறிந்தது என்று உள்ளே இருந்த யாருக்குமே தெரியாது. மறுநாள் ஆபீசில் கூப்பிட்டு, "ஒனக்கு கங்காவ நல்லா தெரியும்ல? அவதான?" என்றார்கள். பயந்து கையெழுத்துப் போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது பொய். அன்று விடியற்காலைதான் கதவில் அந்தத் தாரைப் பார்த்திருந்தேன். உனக்குத் தெரியாமல் அது நடந்திருக்காது என்று மனசு கொதித்தது. நீயும் கொஞ்சம் அனுபவி என்றுதான் போட்டேன். சஸ்பெண்ட் செய்வார்கள், ஒரு வாரம், பத்து நாள் என்று நினைத்தேன். போலீஸ் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை. போன பிறகு வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. உன் கல்யாணம் நின்றது ராஜம்மா அக்கா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் அடுப்பு மூட்டவில்லை.

ஃபார்மை இதோடு வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ எந்த ஊரை எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

ஜாஸ்மின்


மணிமங்கலம்
1.8.1991

ஜாஸ்மின்,

எனக்கு எழுதி என்ன பயன்? ஏழாம் தேதி ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் சாட்சி விசாரணை. உனக்கும் சம்மன் வந்திருக்கும். பாத்ரூமில் அழுததை அங்கே வந்து சொல்.

வர மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

கங்கா


மணிமங்கலம்
8.8.1991

ஜாஸ்மின்,

நேற்று கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினாய். சரி, தீர்த்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ கூண்டில் ஏறினாய். சர்க்கார் வக்கீல், "கங்கா கல் எறிஞ்சத நீங்க பாத்தீங்க, இல்லையா?" என்றார். "இல்லீங்க" என்றாய். அவர் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "இது ஒங்க கையெழுத்துதான?" என்றார். "என்னுதுதாங்க. நான் பாக்கல. அவ மேல இருந்த கோவத்துல போட்டேன்." வக்கீல் அதட்டினார். "கோர்ட்ல பொய் சொன்னா உள்ள போவணும், தெரியுமா?" நீ மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "அதனாலதாங்க இன்னிக்கு நிஜத்த சொல்றேன்" என்றாய். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது உன்னை ஜீப்பில் ஏற்றவில்லை. நீ வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனதை நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

ஒன்றை நானும் சொல்லியாக வேண்டும். உன் கதவில் எழுதியது எனக்குத் தெரியும் என்று நினைத்தாயே, எனக்குத் தெரிந்தது மட்டுமில்லை. தார் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். யாக்கோபு அண்ணன் உள்ளே படுத்திருக்கிறார் என்று தெரிந்துதான் நின்றேன். அவர் கையால் தேய்த்தார் என்று நீ எழுதிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

இதனால் உன் கணக்கும் என் கணக்கும் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கதவும் கல்யாணமும் ஒன்றில்லை.

ஃபார்மில் நாகப்பட்டினம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தீர்ப்பு பதிமூன்றாம் தேதி. எப்படி வந்தாலும் போவேன்.

கங்கா


படப்பை
12.8.91

அன்புள்ள கங்காவுக்கு,

நீ டப்பா பிடித்ததை யாக்கோபிடம் சொன்னேன். "சொல்லிட்டாளே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவரைப் போல ஆறவில்லை. இரண்டு முறை உன் கடிதத்தைச் சுருட்டி எறிந்து, திரும்ப எடுத்து வைத்தேன்.

எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பொய்யாக எழுதிக் கொடுத்துக் கம்பெனியின் பெயரைக் கெடுத்தேனாம். பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பட்டியலிலும் என் பெயரை அடித்துவிட்டார்கள். நீங்கள் முப்பத்தேழு பேர்தான். எனக்காகச் சண்டை போட்டு பஸ்ஸை நிறுத்திவிடாதே, கிளியம்மாள் புதுச் சேலைகூட எடுத்துவிட்டாள்.

லாட்ஜில் மாடி அறையாகக் கேள், கீழே தண்ணீர் உப்பு. அலை கால் வைக்க நன்றாக இருக்கும், ஆழம் தெரியாமல் யாரையும் உள்ளே விடாதே. தரங்கம்பாடிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் மணலில் நிற்க முடியாது.

ஜாஸ்மின்


நாகப்பட்டினம்
16.8.1991

ஜாஸ்மினுக்கு,

இந்தக் கடிதம் ராஜம்மா அக்கா கையில் வராது. இங்கே பெரிய தபாலாபீசில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என்னை விடுதலை செய்துவிட்டார்கள். அதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். அப்பா வீட்டுக்கு வரும் வரைக்கும் ஒரு தடவைகூட இருமவில்லை.

நான் பயந்தபடியே நேற்று சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் லாட்ஜுக்கு வந்தார்கள். ரிஜிஸ்டரில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்தார்கள். என் முறை வந்தது. "பேரு?" "கங்கா. தணிகாசலம் பொண்ணு. மணிமங்கலம்." "கேஸ் எதுனா உண்டா?" "இருந்துச்சு சார். முடிஞ்சிடுச்சு." அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

இன்று தரங்கம்பாடி. நல்ல கரை. உன் ஆட்கள், என் ஆட்கள் என்று நாங்கள் பிரிந்து நிற்கவில்லை, அலை வந்தால் யார் கையையாவது பிடித்துத்தானே ஆக வேண்டும். கிளியம்மாள் மத்தியானம் வரைக்கும் தண்ணீரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நீ எழுதிக் கொடுத்ததையும் நான் மறைக்கவில்லை, நான் தார் டப்பா பிடித்ததையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் உன்னைத் திட்டினார்கள். சிலர் என்னை, தாருக்காக. இரண்டு பேருக்கும் வேண்டியதுதான்.

நீ பொறுக்கிய ஊர் சரியான ஊர். அதை ஒத்துக்கொள்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இந்தப் பேனா ஓடவில்லை. எழுத வரும் என்றும் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மெமோவை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் படப்பை பஸ் ஸ்டாப்பில் நில். யூனியன் வக்கீல் ஸ்ரீபெரும்புதூரில் இருப்பார். நீ யூனியனில் இல்லையே என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் வேலை போனால் எனக்கு என்ன என்று மூன்று நாளாக என்னையே கேட்டுப் பார்த்தேன். போகக் கூடாது என்றுதான் வருகிறது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம். பேச்சுக் கொடுக்காதே.

கங்கா