வால் நுனி மடிந்த இரண்டு பூனைகள்

அத்தான்,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மாடி வீட்டக்கா தன் ஆண் பூனையை நம் குண்டம்மாவோடு சேர்க்கக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவார். உட்கார வைத்துப் பேசுங்கள், கூடையை மட்டும் திறக்க விடாதீர்கள். இரண்டுக்கும் வால் நுனி ஒரே இடத்தில் மடிந்திருக்கிறது. இரண்டையும் விற்றவரைக் கேட்டால், "ஒரே தாய் போட்ட குட்டிங்கதான், அதனால என்ன?" என்கிறார். பூனை டாக்டரோ, கூடப்பிறந்தவை சேர்ந்தால் குட்டிகளுக்கு இதயத்தில் கோளாறு வரலாம், சில பிறந்ததுமே போய்விடலாம் என்றார்.

குண்டம்மாவை உள்ளறையில் பூட்டியிருக்கிறேன். எவ்வளவு கத்தினாலும் மனம் இரங்கித் திறந்துவிடாதீர்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது இதைச் சொன்னதற்குச் சிரித்தீர்கள். "மனுஷங்க நாமளே சொந்தத்துல கட்டிக்கிட்டோம். நீ பூனைக்குப் போய் உறவுமுறை பாக்கறியே" என்றீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டீர்கள். கோபம் இல்லை.

பி.கு. தையல் கடைக்குப் போவதாகச் சொன்னது பொய். நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஸ்கேன் எடுக்கப் போகிறேன். நீங்கள் என் சொந்த அத்தை மகன். பூனை டாக்டர் பேசப் பேச, என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அக்கா வந்து காத்திருந்தால் இருக்கட்டும். கதவைப் பூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அவர்கள் சொல்லப்போவதை என்னால் தனியாகக் கேட்க முடியாது.