பாலமலை அடிவாரத்தில் எடுத்த எட்டுப் படம்

15-10-36, வியாழன்

கிடங்கில் இன்று மானம் போயிற்று. புதிதாக வந்த பஞ்சுப் பொதிகளை இழுத்துப் பார்த்து முதல் தரம் என்று சொல்லிவிட்டேன். முதலாளி கோவிந்தராஜுலு ஒரு பிடி எடுத்து இழுத்தார். பட்டென்று அறுந்தது. சுத்தக் கட்டையிழை, கடைசித் தரம். "யானைக்கும் அடி சறுக்குமுங்க கவுண்டரே" என்று சிரித்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இந்த விரல்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு இழையின் நீளம் சொல்வேன் என்று பேர் வாங்கியவன். கொஞ்ச நாளாக இடது கை விரல் இரண்டு மரத்தாற்போல இருக்கின்றன. ஐப்பசி ஈரம். வேறென்ன?

18-10-36, ஞாயிறு

மழை விட்டது. என் வீட்டுக்காரி சென்னியின் தம்பி தம்பிதுரை உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறான். அவனையும் மகள் மயிலாத்தாளையும் கூட்டிக்கொண்டு பாலமலை அடிவாரம் வரை நடந்தேன். கேமராவும் புது ரோலும். சென்னி கேமராவுக்கு வைத்திருக்கும் பேர் சக்களத்தி. "போற எடத்துக்கெல்லாம் அவளக் கழுத்துல கட்டிக்கிட்டே போறீங்க, என்னைய ஒரு நாளைக்காவது கூட்டிட்டுப் போனீங்களா?" என்றாள். வா என்றால் மாட்டுக்குத் தவிடு வைக்கணும் என்பாள்.

நல்ல நாள். மேகம் மலையில் பாதியை மூடியிருந்தது, பாதி நனைந்த கறுப்பு. இந்த வெளிச்சத்துக்குத்தான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். கதிர் சாய்ந்த சோளக்காடு ஒன்று, மலை இரண்டு, கள்ளி வேலியோரம் ஆடுகள் ஒன்று. மயிலா என் தோளை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். ஐந்து வயதாகியும் குதிரை இன்னும் நான்தான். கெஞ்சி இறக்கி அவரைப் பூவோடு நிற்க வைத்து இரண்டு எடுத்தேன். ஏழாவது, மாடு பூட்டிக் கவலை இறைக்காமல் சும்மா நின்ற ஒரு கிணறு.

எட்டாவதை மேகம் விலகும்போது எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் பள்ளத்து ஓடைத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தேன். பின்னால் டக் என்று சத்தம். தம்பிதுரை!

"உங்க முதுகும் மலையாட்டமே இருக்குதுங்க மச்சான். அதான் எடுத்துப்போட்டேனுங்க."

பிலிம் விலை தெரியுமா உனக்கு என்று கத்தினேன். மயிலா சிரித்த சிரிப்பில் கோபம் நிற்கவில்லை.

20-10-36

மழை. ஒன்றுமில்லை.

22-10-36, வியாழன்

சாயங்காலம் குளியலறை ஜன்னலில் கம்பளி கட்டி, சிவப்பு விளக்கு வைத்துப் பிலிமைக் கழுவினேன். சோளக்காடு அற்புதம். எனக்கே நான் மாலை போட்டுக்கொள்ளலாம்.

எட்டாவதில் மட்டும் கறை. காகிதத்தில் அச்சுப் போட்டுப் பார்த்தால் என் முதுகில் கறுப்புத் திட்டுகள், இட்லி அளவில். கழுவின தண்ணீர் சரியில்லை.

23-10-36

மறுபடி அச்சுப் போட்டேன். அதே இடம், அதே திட்டு. நெகட்டிவிலேயே இருக்கிறது. கழுவின கறை என்றால் தண்ணீர், பாறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் முதுகில் மட்டுமா விழும்?

இந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் கழுவுகிறோம். சிவப்பாக இருப்பதெல்லாம் படத்தில் கறுப்பாகும். சென்னியின் குங்குமம் கூட அடுப்புக்கரி மாதிரிதான் விழும். அப்படியென்றால் என் முதுகில் சிவப்பாக என்ன இருக்கிறது? கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

24-10-36, சனி

எண்ணெய்க் குளியல். சென்னி முதுகு தேய்க்கும்போது கேட்டேன்.

"தேமலுங்க, கொஞ்சம் செவந்தாப்புல. சித்திரையில இருந்தே இருக்குது. கருஞ்சீரகம் காய்ச்சுன எண்ணெயத்தான தேச்சுட்டு இருக்கறேன்."

ஏன் சொல்லவில்லை?

"தேமலுக்கெல்லாம் பஞ்சாயத்து வைப்பாங்களாக்கும்?"

அப்பாடா என்றிருந்தது. நானும் சிரித்தேன். தேமல் இல்லாத ஆள் ஊரில் யார்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. சேலை ஊக்கால் அந்தத் திட்டில் ஒரு குத்துக் குத்து என்றேன். வெளையாடறீங்களா என்றாள். குத்து என்றேன் மறுபடியும். காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குத்துடி."

"குத்திட்டனுங்களே" என்றாள்.

27-10-36, செவ்வாய்

கோயமுத்தூர் போய் டாக்டரைப் பார்த்தேன். கோழி இறகால் தடவினார், சூடான குழாய் வைத்தார், குளிர்ந்த குழாய் வைத்தார். இரண்டும் எனக்கு ஒன்றுதான். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். கயிறு போலத் தடித்திருக்கிறதாம். மரத்துப்போன விரல்களுக்கும் அதுதான் காரணமாம். ஐப்பசி ஈரமாம்! நான் ஒரு மடையன்.

வாரா வாரம் நீரடிமுத்து எண்ணெய் ஊசி. குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் பற்றும், இன்றைக்கே தள்ளி வையுங்கள் என்றார்.

குஷ்டம். எழுதிவிட்டேன்.

1-11-36, ஞாயிறு

ஐந்து நாளாகச் சென்னியிடம் சொல்லவில்லை. மயிலா ஓடி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்று பின்னாலிருந்து வந்து தோளில் தாவி ஏறினாள். பதறி உதறினேன். குழந்தை கீழே விழுந்து உதடு கிழிந்தது. "புள்ளயத் தள்ளி உடற அளவுக்கு உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று சென்னி கத்தினாள். என்ன வந்தது என்று சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தையின் உதட்டில் ரத்தம் வடிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கை நீளவில்லை. துடைக்க எனக்கு மட்டும் கை உண்டா? குழந்தை தானே பாவாடையில் துடைத்துக்கொண்டது. சாமி, இது என்ன நியாயம்?

5-11-36

வேலையை விட்டேன். தோட்டத்தைக் கவனிக்க ஆளில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். "அந்தப் பஞ்சுக்காகவா ரோஷம்?" என்றார். ஆமாம் என்று இருக்கட்டும்.

8-11-36, ஞாயிறு

தம்பிதுரை வந்து அக்காளையும் மயிலாவையும் உடுமலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பையனுக்கு என்னை நிமிர்ந்து பார்க்கவே கூச்சம். "நான் அந்தப் படத்த எடுக்காம இருந்திருக்கோணுமுங்க மச்சான்." பைத்தியக்காரன். அவன் எடுத்ததனால்தான் குழந்தை இப்போதாவது என் தோளை விட்டு இறங்கியது.

நான் ஊருக்கு மேற்கே எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்துவிட்டேன். பனையோலைக் கூரை, ஒரு கட்டில், ஒரு பானை.

13-11-36, தீபாவளி

பண்ணையத்து ஆள் பலகாரத்தைக் கிணற்றுக் கல்லில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

29-11-36

ஒரே நினைப்புத்தான். பிறந்ததிலிருந்து தோளில் சுமந்தேனே, அவளுக்கும் பற்றியிருந்தால்? கண்ணுக்குத் தெரியாதது பிலிமில் விழுகிறது. இனிமேல் படம் எடுப்பது எதற்கு? மேகத்துக்கா?

தம்பிதுரைக்குச் சொல்லி அனுப்பினேன். கேமராவைத் துடைத்து எடுத்துப் போ. மார்கழி முடியட்டும், நல்ல வெயிலில் மயிலாவைத் துணியில்லாமல் நிற்க வைத்து, முன்னும் பின்னும் எடுத்துக் கொண்டு வா.

17-1-37, ஞாயிறு

தம்பிதுரை வண்டியில் வந்தான். கூடச் சென்னியும், கையில் மூட்டையோடு. குழந்தை வரவில்லை.

ஏழு படம் எடுத்திருந்தான். எட்டாவது பாக்கி. நீயும் வெயிலில் திரும்பி நில்லு, முதுகையும் கையையும் பார்த்துவிடலாம் என்று சென்னியிடம் சொன்னேன்.

"வேண்டாமுங்க. இருக்குதுன்னு தெரிஞ்சா அழுவேன். இல்லைன்னு தெரிஞ்சா இவன் என்னையத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவான்."

தம்பிதுரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தானாம். அங்கே அவள் குழந்தைக்குத் தலை வாருவதில்லை, ஊட்டுவதில்லை, எட்டவே உட்கார்ந்திருப்பாளாம். சென்னியே சொன்னாள்: "உங்க முதுகுல எண்ணெய் தேச்ச கையுங்க இது. இந்தக் கையில புள்ளயத் தொட எனக்கு மனசு வருலீங்க. தொடாமப் பாத்துட்டு இருக்கறதுக்கும் முடியிலீங்க. அவளுக்கு மாமன் இருக்கறான், அத்தை இருக்கறா. உங்களுக்கு ஆருங்க இருக்கறாங்க?"

எட்டாவதை வெறுமனே சுற்றிவிட்டு, சாளையைக் கம்பளியால் அடைத்துக் கழுவினேன். ஈரத்தோடு வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிடித்தேன். தம்பிதுரை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். முதுகு, தோள், தொடை, காது, கன்னம். லென்சை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு திட்டு இல்லை. ஒரு படத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று வரை இல்லை. அவ்வளவுதான் பிலிம் சொல்லும். இருந்தாலும் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தம்பிதுரை மட்டும் வண்டி ஏறினான். அம்மா எங்கே என்று மயிலா கேட்டால் என்ன சொல்வான்?

சென்னி அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருக்கிறாள். விறகு ஈரம், திட்டிக்கொண்டே ஊதுகிறாள். பெற்ற குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. என்னைப் போலப் பாவி உண்டா?