ஆண்டு முழுக்க ஆயுத பூசை

நேற்று நானும் மகளும் செங்காங்கில் ஒரு கிளினிக்குக்குப் பேத்தியைப் பல்லில் கம்பி போட அழைத்துப் போயிருந்தோம். உள்ளறையிலிருந்து 'உஸ்ஸ்' என்று நீராவிச் சத்தம் வந்தது. எனக்கு என்னவோ நீ வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். அதனால்தான் உன்னிடமே சொல்கிறேன், கேள்.

எழுபதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலையில், பூக்கடைக்கு மேல்மாடியில் நீ கிளினிக் திறந்தாய். கோணல் பல்லை நேராக்கும் டாக்டர், அதுவும் நம்ம ஆள் என்றதும் சனம் மாடிப்படியில் வரிசை கட்டியது. வரவேற்பு மேசைக்குப் பின்னால், கண்ணாடிக்குள் ஓர் ஆட்டோகிளேவ். கருவிகளை நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லும் இயந்திரம். "பார்த்தியாடா, ஜெர்மன் சாமான்லா. ஆஸ்பத்திரித் தரம்!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தம்பட்டம் அடிப்பாய்.

ஆயுத பூசைக்கு அதற்கு மாலை போடுவாய். கம்பி வளைக்கும் குறடுகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்றாலும் உன் சுண்டலுக்குத் தவறாமல் ஆஜர். ஒரு வருடம் பூசைக்கு மறுநாள் என் மகள்தான் முதல் ஆளாக உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் ஈறைப் பார்த்துவிட்டு, "ரத்தம்ப்பா!" என்று அலறினாள். துடைத்துப் பார்த்தால் குங்குமம்.

உன்னிடம் கேட்டேன். சிரித்தாய். "ஸ்பிரிட்ல துடைச்சேன்டா, ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கும். சாமி குங்குமம், ஒண்ணும் செய்யாதுலா." நானும் சிரித்துத் தொலைத்தேன். குங்குமமே போகாத குறட்டில் வேறு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்ததோ!

மறு வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை. சோற்றைக் கண்டாலே குமட்டல், கண்ணெல்லாம் மஞ்சள். ஊசி, பல் வைத்தியம் ஏதாவது உண்டா என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். "பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு டாக்டர். ஆனா என் கூட்டாளி கிளினிக்ல பெரிய மெஷினே இருக்கு" என்று உனக்காக மார்தட்டினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். கிருமி மட்டும் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. ஆயுளுக்கும் இருக்கும் என்றார்கள்.

பிறகு ஒரு நாள், அவள் கம்பியை எப்போது கழற்றுவாய் என்று கேட்க வந்தேன். படியேறும்போதே 'உஸ்ஸ்'. கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை வருடமாக, நான் வரும்போதெல்லாம் ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டி வைத்திருந்த வயர் அன்று பிளக்கில் சொருகியிருந்தது.

"என்னடா, இன்னைக்கு இது ஓடுது?"

"என் பையனுக்கு இன்னைக்குக் கம்பி போடுறேன்லா," என்றாய், கொஞ்சம்கூடக் கூசாமல். "தினமும் இதைப் போட்டுட்டு நிக்க முடியுமா? சனம் காத்துக்கிட்டு இருக்குமா?"

தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். உனக்குத் தெரிந்திருந்தது. உன் பிள்ளை வாய்தான் வாய், ஊரான் பிள்ளை வாய் எச்சில் தொட்டியா? தூ! ஆயுத பூசைக்குக் கருவிகளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். உன் இயந்திரத்துக்கு ஆண்டு முழுக்க ஆயுத பூசை. அன்று படி இறங்கியவன், நீ மண்டாய் தகனச்சாலைக்குப் போன அன்றுதான் மறுபடி உன் முகத்தைப் பார்த்தேன். "கைராசிக்காரர்" என்று சுற்றி நின்று அழுதார்கள். என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நான் எதையாவது சொல்லிவிடுவேன் என்று.

உன்னால்தான் என்று நிரூபிக்க முடியாது. அந்தத் தைரியத்திலேயே நீ போய்விட்டாய். என் மகள் இன்னமும் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை சரியாகச் சாப்பிடமாட்டாள்.

நேற்று பேத்தி நாற்காலியில் ஏறும் முன்பே என் மகள் தாதியிடம், "கருவி பேக்கெட்ட எங்க முன்னாடியே பிரிச்சுக் காட்டுங்க" என்றாள். தாதி முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன் புண்ணியத்தில், எந்த டாக்டர் அறைக்குள் போனாலும் என் கண் முதலில் ஆட்டோகிளேவ் பிளக்கைத்தான் தேடுகிறது. நேற்றும், முழங்கால் வலியோடு, எல்லார் எதிரிலும் குனிந்து சுவரோரம் தேடினேன்.

சொருகியிருந்தது.