வெள்ளம் வந்த அத்தியாயம்

புதன், இரவு.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இஞ்சிக் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் ஷீபாவுக்கு, நான் படித்து முடித்த தமிழ் நாவலைக் கொடுத்திருந்தேன். தண்ணீருக்குத் தவிக்கும் ஓர் ஊரின் கதை. ஷீபா இங்கே மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள், மலையாளம் கடகடவென்று வாசிப்பாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

இன்று சாயா குடிக்கும்போது ஓடி வந்தாள். “அக்கா, கடைசி அத்தியாயம் தொடங்கிட்டேன். ‘ஊருக்குள் வெள்ளம் வந்தது’ன்னு போட்டிருக்கு! ஒருவழியா குழாய்ல வெள்ளம் வந்துருச்சே! எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.”

இங்கே மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கதையில் வந்ததோ ஊரையே அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அதற்குள் கிடங்கு முழுக்க, “எல்லாரும் இதைப் படிக்கணும்” என்று சொல்லிவிட்டாள். இனி எப்படிச் சொல்வது?

இதோ போன் அடிக்கிறது. ஷீபாதான். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.