தேயிலையில் கால் படாமல்

ஏலப்பாறை,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

ராமலட்சுமி எழுதுவது. நான், அத்தை, பாப்பா மூவரும் சுகம். பிளேட் வைத்த காலில் குளிர் ஏறுகிறதா, நொண்டாமல் நடக்கிறீர்களா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் உங்களோடு பறக்கிற ஜின்சன் இமாச்சலுக்குக் கிளம்புகிறார் என்றதும் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விடவில்லை. கொழுந்து தளதளவென்று வந்திருக்கிறது, அட்டைக் கடிதான் தாங்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினாள். அத்தையோ, உங்கள் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மகன் திரும்பவும் பறக்கப் போய்விட்டான் என்ற கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, பயம்தான்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தேயிலைத் தோட்டம், நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புதன்கிழமை ஜின்சன் வீட்டுக்கு வந்தார். வாகமண்ணில் நீங்கள் பாராகிளைடரோடு விழுந்த அன்று உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். காற்று தூக்கிப் போட்டது என்றுதானே எங்களிடம் சொல்லி வைத்திருந்தீர்கள்? அவர் உங்களுக்கு மேலே பறந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மலைக்குப் பின்னால் காற்று அடங்கிவிட்டதாம், இறங்குகிற மைதானம் வரை வந்து சேர முடியாதாம். கீழே முழுக்கத் தேயிலை. வேறு யாராக இருந்தாலும் நேராக அதன் மேல் இறங்கியிருப்பார்கள், நாலு கீறலோடு போயிருக்கும். நீங்கள் மட்டும் கடைசி நேரத்தில் ரோட்டுப் பக்கம் திருப்பினீர்களாம். அவ்வளவு தாழ்வில் திருப்பவே கூடாதாம். ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு போய் கொழுந்து நிறுக்கிற எடைக் கொட்டகைச் சுவரில் மோதிவிட்டீர்கள். ஏன் திருப்பினீர்கள் என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது மச்சான். தோட்டத்து லய வீட்டில் பிறந்த யாருக்கும் புரியும். பந்து செடிக்குள் விழுந்தால்கூடச் சுற்றிப் போய்க் குனிந்து எடுத்து வந்த பிள்ளைகள் நாம். செடியில் கால் வைத்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். சோறு போடுகிற செடியை மிதிக்காதே என்று அத்தை இப்போது பாப்பாவுக்கும் சொல்கிறார்கள். உயிர் போகிற நேரத்திலும் உங்கள் கை அந்தப் பேச்சைத்தான் கேட்டிருக்கிறது. நினைக்க நினைக்க அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது.

மறுநாள் வேலைக்காட்டில் சூப்பர்வைசரிடமே கேட்டேன், ஒரு மனுஷன் வானத்திலிருந்து செடி மேல் விழுந்தால் கம்பெனி என்ன செய்யும் என்று. "செடியில நாலு கெளை ஒடியும், அடுத்த கவாத்து வெட்டுக்குத் தழைச்சிரும். ஆளு ஒடிஞ்சா தழைக்குமாம்மா?" என்றார்.

அப்படியும் மனசு ஆறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாறை மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு செடி மேல் விழுந்து பார்த்தேன். முதலில் எனக்கும் கால் வரவில்லை, கூசியது. கோமதி அக்கா சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து, பேய் பிடித்துவிட்டதென்று திருநீறு பூசிவிட்டார். சிரிக்காதீர்கள். கையெல்லாம் கீறல், கழன்று விழுந்த மூக்குத்தியை எல்லோரும் சேர்ந்து தேடி எடுத்தோம். ஆனால் செடி என்னைத் தாங்கியது. ஒரு கிளைதான் ஒடிந்தது.

பறக்காதீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. மேலே போய்விட்டு வந்த நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு நீங்கள் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். இறங்க இடமில்லாமல் கீழே தேயிலை தெரிந்தால் திருப்பாதீர்கள், யார் தோட்டமாக இருந்தாலும் சரி. கால் கூசினால், கொழுந்து கிள்ளுகிற உங்கள் பெண்டாட்டியே மிதிக்கச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு மிதியுங்கள். காடே ஒடிந்தாலும் ஒடியட்டும். மாரியம்மன் உங்களைப் பூப்போல இறக்கி வைக்கட்டும்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ராமலட்சுமி