கடைசி மஞ்சள் விளக்கு

பிப். 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, டயரில் காற்று பார்த்தது. பிறகுதான் பால். பனி. எதிர்வீடே தெரியவில்லை.

ஞாயிறு கார் பந்தயம். கோவைப் பக்கம், பழைய விமான ஓடுதளம். போன இரண்டு முறையும் எனக்குச் சிவப்பு. மூன்று மஞ்சள் வரிசையாக எரிந்து பச்சை வரும். அதற்கு முன் சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்தால் சிவப்பு, அத்தோடு வெளியே. வண்டி எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அப்புறம்.

என் வீட்டுக்காரர் சேகர் காபி ஆற்றிக்கொண்டே, "பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே கிளாஸ்ல போய் நிக்கிற லெக்சரர் நீ. அங்கயும் அதே புத்தி!"

சிரித்தேன். இங்கே பயிற்சியில் சிவப்பு வருவதே இல்லை. அங்கே மட்டும் ஏன்?

வாங்க: பல்பு, ரசப்பொடி, விடைத்தாள் கட்ட நூல்.

பிப். 5, புதன்

கல்லூரி முடிந்து புறவழிச்சாலையில் பயிற்சி. சாலை இன்னும் திறக்கவில்லை. நிலம் போனவர்கள் இரு முனையிலும் கறுப்புக் கொடி கட்டி மறித்திருக்கிறார்கள். நாங்களும் நிலம் போனவர்கள் என்பதால் என் வண்டிக்கு மட்டும் வழி. நான் கிளம்பும் கோடு எங்கள் மேலவயல் இருந்த இடம். ராணி குத்தகைக்கு உழுதது. சாலைக்கு நிலம் எடுத்தபோது நஷ்டஈட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

மெக்கானிக் அந்தோணி வழக்கமான விளக்குக் கம்பத்தோடு ஒரு பெட்டியும் கொண்டுவந்தான். முதல் மஞ்சளில் பொத்தானை விட்டால் போதும். மீதியைப் பெட்டி எண்ணிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்.

"இதுக்கு ரூல்ல இடம் இருக்கா?"

"பெட்டிப் பிரிவுலதான்க்கா பேரு குடுத்திருக்கேன். கால்ல கிளப்புற பிரிவுலதான் கூடாது. ஏன், மூணாவது தடவையும் சிவப்பு வாங்கணுமா?"

எத்தனை முறை விட்டாலும் பிசகே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பிப். 6, வியாழன்

மேகம். கோட்டின் மேலேயே ராணி நெல் காயப்போட்டிருந்தாள். அள்ளும் வரை காத்திருந்தேன்.

"டீச்சரம்மா, சக்கரத்துல என் நெல்லு ஏறிச்சுன்னா அரிசியாத்தான் திருப்பித் தரணும். தவிடும் சேத்து!"

பெட்டியை அணைத்துவிட்டுக் காலாலேயே கிளம்பினேன். நெல் போயிருந்தது, பதரும் தூசும் போகவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றுவிட்டுத்தான் பிடித்தது.

அப்போதுதான் உறைத்தது. குறுவை அறுவடை தொட்டு இந்தப் பதர் மேலேதான் பழகியிருக்கிறேன். சறுக்கும் நேரத்தையும் கால் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கடைசி மஞ்சளுக்கு முன்பே பிரேக்கை விடுகிறது. ஓடுதளத்தில் பதர் ஏது? சக்கரம் உடனே பிடிக்கும். சிவப்பு.

விளக்குமாறு கேட்டேன்.

"வேணாம்மா, நீங்க கூட்டுனா ஊரு என்னையத்தான் சிரிக்கும்."

இருவருமாகக் கூட்டினோம். கூட்டிய தரையில் முதல் ஓட்டம்: சிவப்பு. சிவப்பு வந்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிப். 7, வெள்ளி

நல்ல வெயில். அந்தோணிக்கு வேறு வண்டி வேலை. ராணிதான் விளக்குச் சுவிட்ச் போட்டாள். எனக்கு நானே சொல்லிக்கொண்டது: கடைசி மஞ்சள் கண்ணில் பட்ட பிறகே காலை எடு. கோட்டில் முட்டிக்கொண்டு நிற்காதே. விதி விடும் அளவுக்குப் பின்னால் நில். காலுக்குப் புரியச் சாயங்காலம் ஆயிற்று. பிறகு சிவப்பு இல்லை. சில முறை பெட்டியைவிட மந்தம். ஒரு முறை அதைவிடச் சுத்தம்!

"சிவப்பு வராம எனக்குப் பொழுதே போவலம்மா," என்றாள்.

திங்கள் குத்தகைக்காரர்கள் நஷ்டஈடு கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறார்கள். போகவேண்டும்.

பிப். 8, சனி

ஓடுதளம். காற்று. தரை துடைத்துவிட்டது போல. தலைவலி மாத்திரை மறந்துவிட்டேன்.

அந்தோணி பெட்டிக்குச் சிலுவை போட்டு முத்தம் வேறு கொடுத்தான். சேகர்: "இனிமே கவலையே இல்ல. நீ சும்மா உக்காந்திருந்தா போதும்."

நாளைக் காலை வண்டி பரிசோதனை. அதுவரை பிரிவை மாற்றிக்கொள்ளலாம், பலகையில் எழுதியிருக்கிறது. இரண்டு பேரும் டீ குடிக்கப் போகும்போது போய்க் கால் பிரிவுக்கு மாற்றிவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. சிவப்பு வந்தால் என் கால் வாங்கியதாகவே இருக்கட்டும்.

வராது.