பதின்மூன்றாம் சேனல்

மார்ச் 3, செவ்வாய்

என் வயரை அறுத்துவிட்டார்கள். அறுத்தவர் என் மாப்பிள்ளை. கேட்காமல் அறுத்தார், நான் கண் மருத்துவரிடம் போயிருந்த நேரம் பார்த்து அறுத்தார். இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு இந்த வீட்டில் யாராவது "வயரா, எந்த வயர்?" என்று கேட்கக்கூடும்.

கூடத்து ரௌட்டரிலிருந்து என் பின் அறைக் கணினி வரைக்கும், கதவு நிலையைச் சுற்றி, நானே ஆணி அடித்து இழுத்த வயர். கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம். அது அசிங்கமாகத் தெரிந்ததாம்.

"இப்ப யாரு மாமா வயர் போடுறாங்க? உங்க பெட்டிக்குள்ளயே வைஃபை கார்டு இருக்கு. ஆன் பண்ணிக்கோங்க."

ஆன் பண்ணிக்கொள்ள அது என்ன மின்விசிறியா? என் கணினியில் ஓடுவது யூனிக்ஸ் வகை இயங்குதளம். பெட்டியோடு வந்ததல்ல, ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் பார்த்து நானே ஏற்றியது. அந்த வைஃபை அட்டையை ஓட்ட எந்த டிரைவர் மென்பொருள் என்று கண்டுபிடித்து, எந்தக் கோப்பில் எந்த வரி என்று நாம்தான் எழுதித் தர வேண்டும். வயர் இருந்தவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

அறுந்த வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாட்சி.

மார்ச் 4, புதன்

பெயிண்ட் எல்லாம் சாக்கு. இன்று சாப்பிடும்போது மகள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா, அவருக்கு இனிமே வீட்டுல இருந்துதான் வேலை. ஒரு ரூம் வேணும். உங்க கம்ப்யூட்டர்தான் இப்ப ஓடலையே..."

"ஓடும்."

"சரி, மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஓடலைன்னா ரூமை அவருக்கு விட்டுடுங்க. நீங்க கூடத்துல வசதியா இருக்கலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என் வீட்டில், என் அறைக்கு, நானே கெடு வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் அப்படி ஒன்றும் வேடிக்கையாக இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பெட்டியைத் திறந்து அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். டிரைவர் என் கணினியிலேயே இருக்கிறது. ஆனால் அட்டைக்குள் ஊட்டுவதற்கு ஒரு ஃபர்ம்வேர் கோப்பு தனியாக வேண்டுமாம். அது எங்கே இருக்கிறது? இணையத்தில். இணையத்துக்குப் போக அந்தக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்புக்கு இணையம் வேண்டும். இதை வகுத்தவனுக்கும் என் மாப்பிள்ளைக்கும் ஏதோ சொந்தம் இருக்க வேண்டும்.

மனைவியிடம் அவளுடைய டேப்லெட்டைக் கேட்டேன்.

"நாடகம் முடியட்டுங்க."

"எப்ப முடியும்?"

"என்னோடது அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். உங்களோடதுதான் தெரியல."

மார்ச் 7, சனி

கோப்பை டேப்லெட்டில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, கணினிக்குக் கொண்டுவந்தேன். அட்டை அசையவில்லை. கையேட்டைப் படித்தால், ஃபர்ம்வேரின் உரிம நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். சம்மதம் தராமல் அதைத் தொட முடியாது.

ஒரு அட்டைக்கு இருக்கும் மரியாதை! இந்த வீட்டில் என் சுவரைத் தொட யாரும் எதையும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

எழுதித் தந்தேன்.

மார்ச் 9, திங்கள்

பச்சை விளக்கு எரிந்தது! சுற்றுவட்டாரத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று தேடச் சொன்னேன். மாடிவீட்டுப் பல் மருத்துவருடையது வந்தது. எதிர்வீட்டுக்காரர் 'திருடாதே' என்று பெயர் வைத்திருப்பது வந்தது. தெருமுனை சலவைக் கடை வந்தது. எங்கள் வீட்டுடையது மட்டும் வரவில்லை. ரௌட்டர் என் தலைக்கு நேர் பின்னால், ஒரு சுவர் தள்ளி இருக்கிறது.

மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். தன் ஃபோனைக் காட்டினார். சிக்னல் முழுசாக இருந்தது.

"ஊர் வீடெல்லாம் தெரியுது, நம்ம வீடு மட்டும் உங்களுக்குத் தெரியல. கார்டுக்கும் உங்களுக்கும் நல்ல பொருத்தம் மாமா."

நன்றாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 12, வியாழன்

அளவு நாடாவோடு வந்து என் அறையை அளந்துவிட்டுப் போனார். "சும்மா பாக்கிறேன் மாமா." சவப்பெட்டிக்காரனும் சும்மாதான் பார்ப்பான்.

மார்ச் 13, வெள்ளி

கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன். "ஐயா, இந்தக் காலத்துல போய் இதோட மல்லுக்கட்டிக்கிட்டு... புதுசா ஒண்ணு எடுத்துருங்க." நோய் என்னவென்று கேட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் வைத்தியர்.

யூனிக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் கேட்கலாமே என்றாள் மனைவி. கேட்கலாம்தான். அங்கே ஆறேழு வருடமாக மற்றவர்களுக்கு "முதலில் கையேட்டைப் படியுங்கள்" என்று பதில் போட்டு வருபவன் நான். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

மார்ச் 16, திங்கள்

படித்தேன். முழுசாகப் படித்தேன்.

அட்டைக்குத் தெரிந்த வீடுகளின் பட்டியலில், எந்த வைஃபை எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்று சேனல் எண்ணும் இருக்கிறது. ஒன்று, ஆறு, பதினொன்று. பதினொன்றுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஏன்?

மனைவியின் டேப்லெட்டில் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அதன் கடவுச்சொல் தனக்கு மட்டுமே தெரியும் என்பது மாப்பிள்ளையின் எண்ணம். ரௌட்டரின் அடியிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. எங்கள் சேனல் பதின்மூன்று! சாயங்காலம், ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன்.

"பதின்மூணுல கூட்டமே இல்ல மாமா. நான்தான் மாத்தினேன். சும்மா பறக்கும்."

சில நாடுகளில் சட்டப்படி வைஃபை சேனல்களைப் பதினொன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; அதற்கு மேல் இருப்பது அங்கே விற்கும் கருவிகளின் கண்ணுக்கே தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று என் கணினிக்கு யாரும் சொல்லவில்லை; அதுவாக ஒரு நாட்டில் குடியேறி, அந்தச் சட்டப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. ஃபோன்களுக்கு சிம் கார்டு சொல்லிவிடுகிறது.

ரௌட்டரில் சேனலைக் குறைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். செய்யவில்லை. அது அவர் போட்டது. கேட்காமல் நானும் கை வைத்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் கணினியை என் கணினியிலேயே சரிசெய்வேன்.

மார்ச் 17, செவ்வாய்

அட்டையிடம் நாட்டை மாற்று என்றேன். "வேலையாக இருக்கிறேன்" என்று மறுத்தது. நீயுமா?

மார்ச் 18, புதன்

அட்டையை ஓடவிட்டு நாட்டை மாற்ற முடியாது. இணைப்பை முழுக்க நீக்கிவிட்டு, அது மறுபடி உருவாகும்போதே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டைத் தர வேண்டும். தந்தேன். தேடச் சொன்னேன்.

எங்கள் வீடு வந்தது. பட்டியலில் முதலாவதாக.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிப்பா" என்றாள். அப்புறம், மெதுவாக, "அவர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றாள். மாப்பிள்ளை கூடத்தில் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 25, புதன்

மாப்பிள்ளைக்குக் கடல் கடந்த தலைமை அலுவலகத்திலிருந்து புது லேப்டாப் வந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் கடை விரித்தார். காலையிலிருந்து அதே பேச்சு.

"பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் காட்டுது, நம்மளோடது மட்டும் வரமாட்டேங்குது! செட்டிங்ஸ்ல கை வைக்கவும் விடமாட்டேங்கிறாங்க. பூட்டி வச்சிருக்காங்க."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

மத்தியானம் அறை வாசலில் வந்து நின்றார். கதவைத் தட்டினார். இதுவே முதல் தடவை.

"மாமா... அந்தப் பழைய வயர்... தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மார்ச் 26, வியாழன்

செய்ய வேண்டியவை:

வயரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுப்பது — நான்.

அறுந்த முனைக்குப் புது பின் வாங்கிப் போடுவது — மாப்பிள்ளை.

புது பெயிண்ட் அடித்த கூடத்துச் சுவரில், கதவு நிலையைச் சுற்றி, பழைய வழியிலேயே போய், அங்கிருந்து சாப்பாட்டு மேசை வரை ஆணி அடிப்பது — மாப்பிள்ளை. அசிங்கமாகத் தெரிந்தால் சகித்துக்கொள்வது — மகள்.

சாப்பாட்டு மேசையில் வயர் வந்துவிட்டதால் இனி எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்வது — மனைவி.

ரௌட்டரில் சேனலைப் பதினொன்றாக்கினால் வயரே வேண்டாம் என்று அவரிடம் சொல்வது — நான். கடைசி ஆணி அடித்து முடித்த பிறகு.